முரசு

என் ஊர்ப் பேரிலேயே முரசு இருக்கிறது.
முரசுமோட்டை.
யார் எதற்காக அடித்த முரசு என்று கேட்டால்
ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
எங்கள் பேச்சில்
பல் ஊன்றி நிற்கிற சதைக்கும் முரசு என்றுதான் பேர்.
நான் சொல்வது இந்த முரசை.

மாசியில்தான் கவனித்தேன்.
கறுவல் ஒரு பக்கத்தால் தின்னத் தொடங்கியிருந்தது.
தலையைச் சரித்து, மீன்தலையை இடப்பக்கம் தள்ளி,
பாதியைக் கீழே விட்டுவிட்டு
என்னைப் பார்க்கும்.
கிட்டப் போனால் வாய் நாறியது,
தண்ணீர் மறித்த வாய்க்காலில்
கடைசியாய்த் தேங்கும் குட்டைபோல.

கிளிநொச்சியில் மிருக வைத்தியர் நிறோஜினி
உதட்டைத் தூக்கிக் காட்டினார்.
கடைவாய்ப் பல்லில் மஞ்சளாய்க் கல்.
கல்லின் ஓரம் சிவந்து வீங்கிய முரசு.
மயக்கி ஒரு பல்லைப் பிடுங்கினார்கள்.
மிச்சம் உங்கள் கையில், என்றார்,
ஒவ்வொரு நாளும் தீட்டவேணும்.

"நாய்க்கும் பல்லுத் தீட்டுறியோ?"
வேலிக்கு மேலால் சூசைமுத்தண்ணை சிரித்தார்.
"ஆனையிறவு உப்பிலை ஒரு பிடி எடுத்துத் தேய், பிள்ளை."
உப்பு வேண்டாம்.
நாங்கள் தீட்டுகிற பற்பசையும் கூடாது:
நாய்க்குத் துப்பத் தெரியாது.

முதல் கிழமை வெறும் விரல்.
கோழி அவித்த தண்ணீரில் தோய்த்து
நக்கக் கொடுத்தேன். அவ்வளவுதான்.
இரண்டாம் கிழமை விரலில் சுற்றிய துணி,
உதட்டுக்குள் ஒரு தரம், வெளியே.
மூன்றாவதில்தான் பிறஸ்.
சின்னப்பிள்ளைகளின் பிறஸ், மெத்தென்றது,
பரந்தன் சந்திக் கடையில் வாங்கினேன்.
எத்தனை வயது பிள்ளைக்கு என்று கேட்டான்.
ஆறு என்றேன். பொய்யில்லை.

வைத்தியர் ஒரு தாளில் கீறித் தந்திருந்தார்:
பிறஸ்ஸைச் சரித்துப் பிடிக்கவும்,
நாற்பத்தைந்து பாகை,
நுனி முரசின் விளிம்பில்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
முகமாலையில் எனக்கு முப்பது பாகை.

விடிய ஐந்து மணிக்கு வான் வரும்.
கவசம், முகத்தில் கண்ணாடித் திரை,
முழங்காலில் நின்று
மண்ணைச் சரித்துக் குத்தி, நிறுத்தி, கேட்டு,
இரண்டு விரல்கடை தள்ளி இன்னொரு குத்து.
பதினொரு வருஷம்.
அவசரக்காரரை எங்கள் மேற்பார்வையாளர்
வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.
அவர் அனுப்பினால் நல்லது. வீட்டுக்குத்தான்.

பின்னேரம் அதே முழங்கால், அதே கை.
மண்ணுக்குப் பதிலாய் ஒரு வாய்.
மேல் கடைவாயில் கொஞ்சம் கூட நேரம்,
கல் அங்கேதான் முதலில் பிடிக்கும்.
உட்பக்கத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும்.
காது பின்னால் மடிந்தால் கையை எடு.
இதை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை,
படிப்பித்தார்கள், வேறு எதற்கோ.

என் வாயிலும் வலப்பக்கம் கீழே
இரண்டு இடம் வெறுமை.
அந்த வருஷம் பல் குத்தினால்
யாரிடம் போவது, எதைத் தின்று மெல்லுவது.
மணலில் இருந்தபடி நானே ஆட்டி ஆட்டி எடுத்தேன்.
இப்போதும் நித்திரையில்
நாக்கு அங்கே போய்த் தடவிவிட்டு வரும்.

பஞ்சி வேறு கதை.
பூனைக்குப் பொருத்தமான பேர்தான் வைத்தேன்,
இதற்கு மட்டும் பஞ்சியில்லை.
துவாயில் சுற்றினால் துவாய் கிழியும்.
சுற்றாமல் விட்டால் நான்.
வேட்டைப்பல்லில் துணி பட்டு எண்ண,
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கு எப்போதும் அலுமாரிக்கு மேலே.
பரவாயில்லை. மூன்றும் கணக்குத்தான்.

இன்றைக்கு ஞாயிறு.
பிறஸ்ஸை எடுக்கமுன்னமே
கறுவல் வந்து மடியில் தலையைப் போட்டது.
எல்லாம் கோழித் தண்ணிக்காக, எனக்குத் தெரியும்.
உதட்டைத் தூக்கினேன்.
முரசு இளஞ்சிவப்பு, ஒரு மூலையில்
பிறந்தபோதே இருந்த கறுப்புத் திட்டு.
பிறஸ்ஸில் இரத்தமில்லை.
மூக்கை வைத்து மணந்தேன்:
மீன் மட்டும். மத்தியானத்து மீன்.

பஞ்சிக்கு இடப்பக்கம் முடிந்தது.
வலப்பக்கம் இன்னும்
சிவப்புக் கட்டைக்கு அப்பால் கிடக்கிறது.
நாளைக்குப் பார்ப்போம்.
அல்லது நாளையன்றைக்கு.